தூண்டில் கேள்வி–பதில்: ட்ரவுட் பிடிக்க ஸ்பின்னிங் ராடு போதுமா?

ஐயா, சின்ன வயதிலிருந்து மோர்தானா பக்கம் தூண்டில் போடுகிறேன். இப்போது ஏழடி ஸ்பின்னிங் ராடும் ரீலும் இருக்கிறது. ராணுவத்தில் இருக்கும் என் மச்சான் இமாச்சலில் வேலை பார்க்கிறார், ஏப்ரலில் வா, பாரோட்டில் குளிர்ந்த மலை ஆற்று மீனான ட்ரவுட் பிடிக்கலாம் என்கிறார். ட்ரவுட்டுக்கு ஃப்ளைதான் போடணும், அதற்குத் தனி ராடு, தனிப் பயிற்சி வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். கையில் இருப்பதை வைத்து முடியாதா? – வாசகர், குடியாத்தம்

தாராளமாக முடியும். இழுக்கும்போது சுழலும் உலோகத் தகடு வைத்த போலி இரையான ஸ்பின்னருக்கும் ட்ரவுட் வரும், ஆனால் தண்ணீர் மேல் விழும் பூச்சிகளை அது தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் ஃப்ளைக்கு இணை கிடையாது. ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சி, அதற்கு எடையே இல்லை. ஃப்ளை ராடில் கனமான லைன்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. நம் ரீலில் இருக்கும் மெல்லிய தங்கூசியால் (நைலான் நூலால்) அது ஆகாது, எறிந்தால் காலடியிலேயே விழும். அந்த எடையைக் கொடுக்கத்தான் காஸ்டிங் பபிள் இருக்கிறது. கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் உருண்டை, சிலது முட்டை வடிவம், உள்ளே வேண்டிய அளவு தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம்.

ஈயக்குண்டு போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஈயம் எறிய உதவும், ஆனால் விழுந்ததும் ஃப்ளையையும் இழுத்துக்கொண்டு அடிக்குப் போய்க் கல்லில் மாட்டும். தண்ணீர் நிரப்பிய பபிள் காற்றில் கனமாகப் பறக்கிறது, தண்ணீருக்குள் விழுந்ததும் அந்தக் கனம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகிறது, ஏனென்றால் உள்ளே இருப்பதும் தண்ணீர், வெளியே இருப்பதும் தண்ணீர். எனக்கு இந்தக் கருவி மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே இதுதான்.

கட்டுவது சுலபம். ரீலில் நாலு முதல் ஆறு பவுண்டு இழுப்பைத் தாங்கும் தங்கூசி. அதை பபிளின் நடுக்குழாய் வழியாகக் கோத்து, முனையில் ஒரு குட்டி ஸ்விவல் (இரண்டு பக்கமும் வளையம் வைத்த சுழலும் இணைப்பு) கட்டுங்கள், பபிள் அதைத் தாண்டி வராது. ஸ்விவலின் மறுபக்கம் நாலு பவுண்டு தங்கூசி, நாலிலிருந்து ஆறு அடி, அதன் முனையில் ஃப்ளை. ராடின் நீளத்தை விட அதிகமாக விட்டால் எறிவது பெரும்பாடு, நாலடிக்குக் குறைத்தால் பபிள் விழும் சத்தத்துக்குப் பக்கத்திலேயே ஃப்ளையும் விழுந்து மீன் ஓடிவிடும். ஃப்ளை 12 முதல் 16 நம்பர் வரை வைத்துக்கொள்ளுங்கள், நம்பர் கூடக்கூட முள் சிறிதாகும்.

இனி முக்கியமான விஷயம். உங்களுக்குத் தக்கை பார்த்துப் பழகிய கண். தக்கை அமுங்கினால் வெட்டி இழுப்போம், இல்லையென்றால் உட்கார்ந்திருப்போம். பபிளை அப்படிப் பார்க்கவே கூடாது. அது எறிவதற்கான எடை, அவ்வளவுதான், கண் அதற்குப் பின்னால் இருக்கும் ஃப்ளை மேல் இருக்க வேண்டும். தங்கூசி பபிளுக்குள் வழுக்கி ஓடுவதால் மீன் கவ்வினாலும் பபிள் அசையாமல் இருக்கலாம். அதனால் தளர்ச்சி விடாமல் மெல்லச் சுற்றிக்கொண்டே இருங்கள், கையில் ஒரு இழுப்பு தெரிந்தாலோ ஃப்ளை இருந்த இடத்தில் தண்ணீர் கலைந்தாலோ, வேகமாகச் சுற்றித் தங்கூசியை இறுக்கிக்கொண்டு ராடை உயர்த்துங்கள். விராலை வெட்டுகிற மாதிரி வெட்டினால் நாலு பவுண்டு தங்கூசி அறுந்துவிடும். மீன் இழுக்கும்போது தங்கூசி எவ்வளவு இறுக்கமாக வெளியே ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் ரீலின் டிராகையும் தளர்த்தி வையுங்கள், முதல் ஓட்டத்தில் மீன் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகட்டும்.

பாரோட்டில் இருப்பது ஊல் ஆறு. ஓடும் தண்ணீரில் ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும், இரை நீரோட்டத்தோடு மேல்பக்கமிருந்துதான் வரும் என்று அதற்குத் தெரியும். நீங்கள் பின்னாலிருந்து, கீழ்ப்பக்கமாக, பளிச்சென்ற சட்டை போடாமல் போங்கள். மீனுக்கு நன்றாக மேல்பக்கமாக, ஆற்றுக்குக் குறுக்காக எறிந்து, ஃப்ளை தானாக மிதந்து அதனிடம் வரும்படி விடுங்கள். நீரோட்டம் பபிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனால் ஃப்ளையும் இழுபட்டு ஓடும், அதை எந்த ட்ரவுட்டும் நம்பாது. ராடு முனையைத் தூக்கிப் பிடித்துத் தங்கூசியைத் தண்ணீரில் படாமல் வைத்தால் இது பெரும்பாலும் சரியாகும்.

இமாச்சலில் மீன்வளத்துறை உரிமம் வாங்காமல் தூண்டில் போடக் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் முட்டையிடும் காலம், அப்போது தடை, ஆக ஏப்ரல் சரியான முடிவு. சில இடங்களில் ஃப்ளை ராடு மட்டும்தான் என்று விதி இருக்கும், உரிமம் வாங்கும்போதே பபிள் போடலாமா என்று மச்சானை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

பபிளில் எவ்வளவு தண்ணீர் விடுவது? எறியும் போதெல்லாம் ஃப்ளை திரும்பி வந்து பபிளையே சுற்றிக்கொள்கிறது. – வாசகர், ஆம்பூர்

மேல் மட்டத்தில் மிதக்கும் ஃப்ளை என்றால் பாதியிலிருந்து முக்கால் வரை, மீதிக் காற்று அதை மிதக்க வைக்கும். தண்ணீருக்குள் போக வேண்டிய ஃப்ளை என்றால், காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் முழுக்க நிரப்புங்கள், மெதுவாக அமுங்கும். வூலி பக்கர் மாதிரி ஃப்ளைகளுக்கு இது அருமையாக இருக்கும். எண்ணிக்கொண்டே அமுங்க விட்டு, எந்த ஆழத்தில் மீன் தொட்டதோ அதே எண்ணிக்கைக்கு அடுத்த முறையும் விடுங்கள்.

சிக்கலுக்குக் காரணம் வேகம். ஸ்பின்னரை எறிவது போல மணிக்கட்டால் சுண்டினால் பபிள் முன்னே பாய்ந்து ஃப்ளை பின்னால் சுழலும். உண்டிவில் அடிக்கிற வேகம் இதற்கு வேண்டவே வேண்டாம், பக்கவாட்டில் நிதானமாக ஒரே வீச்சில் வீசுங்கள். அப்புறம், பபிள் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் ரீலில் தங்கூசி சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலை விரலால் லேசாகத் தொட்டுத் தங்கூசியை நிறுத்துங்கள். பபிள் தயங்கும், ஃப்ளை அதைத் தாண்டிப் போய் நீட்டி விழும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சிக்கல் இருக்காது. மீன் மேலேயே எறியாமல் அதைத் தாண்டி எறிந்து, அலை அடங்கும் வரை காத்திருந்து சுற்றுங்கள்.

ஏலகிரி குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது, புங்கனூர் ஏரியில் ட்ரவுட் விட்டால் வளராதா? – வாசகர், திருப்பத்தூர்

வளராது. நமக்குக் குளிர்ச்சி, ட்ரவுட்டுக்கு அது வெந்நீர். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் அது நன்றாகத் தின்னும், 20 தாண்டினால் திணறும், ஏனென்றால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான். தமிழ்நாட்டில் ட்ரவுட் நிலைத்த நீலகிரி ஓடைகளும் ஏரிகளும் 2,000 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பவை, அங்கே அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்திலேயே குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். ஜவ்வாது மலைக்கும் இதே பதில்தான், அங்கே கோடையில் ஓடைகளே வற்றிவிடுகின்றன.

பபிள் வாங்கிவிட்டேன். மலைக்குப் போகும் முன் இங்கேயே பழக வழி உண்டா? – வாசகர், சத்துவாச்சாரி

அவசியம் பழகுங்கள். வேலூர் மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும், ஆகவே விடியற்காலையில் போங்கள். ஏரியில் மீன்பாசி குத்தகை இருக்கும், குத்தகைதாரரிடமோ சங்கத்திடமோ கேட்டுக்கொண்டு உட்காருங்கள், அது அவர்கள் பிழைப்பு. ஜிலேபி மீன் சின்ன ஃப்ளையை நன்றாகவே எடுக்கும், குட்டிக் கெண்டைகளும் தொட்டுப் பார்க்கும். 14 நம்பர் கருப்பு ஃப்ளை, கால்வாசிக் காற்று வைத்த பபிள், நத்தை வேகத்தில் சுற்று. ஜிலேபி வாய் சிறியது, தொட்டுவிட்டு விட்டுவிடும், அதைப் பிடிக்கப் பழகிய கைக்கு ட்ரவுட் கவ்வுவது நன்றாகவே தெரியும்.

பிடித்த மீனை விட்டுவிட நினைக்கிறேன். பிழைக்குமா? – வாசகர், ராணிப்பேட்டை

பிழைக்கும், சீக்கிரம் விட்டால். முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரைக் குறடால் முன்கூட்டியே நசுக்கி வையுங்கள், சுலபமாகக் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேல் இருக்கும் வழுவழுப்பை எடுத்துவிடும், பிறகு தோலில் பூஞ்சை பிடிக்கும். படம் எடுக்க வேண்டுமானால் மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே எடுங்கள். விடும்போது தலை நீரோட்டத்தைப் பார்த்து இருக்கட்டும், அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை கையை எடுக்காதீர்கள்.