வீணை, ஓட்டம், நூறு நாள் சவால்: எதை விடுவது?

கேள்வி: எனக்கு 42 வயது. வங்கியில் வேலை. மகன் பத்தாம் வகுப்பு. 20 வருடங்களுக்கு முன் விட்ட வீணையை ஜூனில் மறுபடி ஆரம்பித்தேன். டிசம்பரில் கோவையில் 21 கி.மீ. ஓட வேண்டும் என்று அதே மாதம் ஓட்டப் பயிற்சியும் தொடங்கினேன். போதாததற்குத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் நூறு நாள் சவால்: தினமும் 10,000 காலடி நடக்க வேண்டும், சர்க்கரை தொடக் கூடாது. படுக்க 11 மணி, எழுவது 4.30. 37-வது நாள் மகனுக்குக் காய்ச்சல் வந்தது, எல்லாமே நின்றது. முழங்காலின் வெளிப்பக்கம் வேறு வலிக்கிறது. மூன்று வாரமாக எதையும் தொடவில்லை. எனக்கு மன உறுதி இல்லையா? எதை விடுவது?
- பெயர் வேண்டாம், திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

நூறு நாள் சவாலை விடுங்கள். குழுவில் இன்றே சொல்லிவிடுங்கள், காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்ததற்காக 'தோற்றுவிட்டாய்' என்று சொல்கிற சவால் உங்கள் வயதுக்கும் வாழ்க்கைக்கும் ஆனதில்லை. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரு புதுப் பழக்கம் படிய அவர்களுக்குச் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். 37 நாள் செய்தவருக்கு மன உறுதி இல்லையென்று நான் எப்படிச் சொல்வேன்?

அந்த 10,000 என்ற எண்ணும் மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னது அல்ல. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற அடி எண்ணும் கருவியோடு பரவியது. அந்தப் பெயருக்கே 'பத்தாயிரம் காலடி எண்ணும் கருவி' என்றுதான் பொருள். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும். ஓட்டப் பயிற்சியிலேயே இதில் பெரும்பகுதி வந்துவிடும். அதற்கு மேல் தினமும் 10,000 அடி என்றால், ஓடிய கால் ஆறுவதற்கு ஒரு நாளும் கிடைக்காது. உங்கள் முழங்கால் வலியில் இதற்குப் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

புதிதாக ஓடுபவர்கள் தூரத்தைச் சட்டென்று கூட்டும்போது முழங்காலின் வெளிப்பக்கம் வலிப்பது அடிக்கடி பார்க்கிற விஷயம். இடுப்பு, தொடைத் தசைகளைப் பலப்படுத்தினால் பெரும்பாலும் சரியாகிறது. ஆனால் நான் சொன்னதை நம்பி ஓடாதீர்கள். இந்த வாரமே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். அவர் சரியென்றால், 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை என்று மறுபடி அடியிலிருந்து தொடங்குங்கள். அப்படி ஆரம்பித்து 5 கி.மீ. நிற்காமல் ஓட 9 வாரம் ஆகும். 21 கி.மீ. எட்ட அதற்குப் பிறகு இன்னும் 12 வாரமாவது வேண்டும். ஜூனிலிருந்து தடையில்லாமல் போயிருந்தால் முடிந்திருக்கும், இனி இந்த டிசம்பருக்குள் முடியாது. கோவையிலேயே 10 கி.மீ. பிரிவும் இருக்கிறது. கால் ஒத்துழைத்தால் அதை ஓடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் வீணை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான். 20 வருடம் கழித்தும் முதல் பாடமான சரளி வரிசை கைக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் விரல் நுனியில் இருந்த காய்ப்பு போயிருக்கும், தந்தி வெட்டியிருக்கும். அந்த வலியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மறுநாள் வீணைப் பக்கமே போகத் தோன்றாது. இப்போதைக்கு வாரத்தில் நான்கு நாள், 15 நிமிடம் போதும். ஜண்டை வரிசையோ ஒரு அலங்காரமோ, அந்த ஆரம்பப் பாடங்களில் ஏதாவது ஒன்று மட்டும். உறையைக் கழற்றி, குறுக்கே யாரும் நடக்காத மூலையில் பாயிலேயே வைத்துவிடுங்கள். பீரோ மேலிருந்து இறக்கி, உறை கழற்றி, சுருதி சேர்ப்பதற்குள்ளேயே பாதி ஆசை போய்விடும்.

ஓட்டத்தையும் வீணையையும் ஒரே சமயத்தில் முன்னால் தள்ளாதீர்கள். டிசம்பர் வரை ஓட்டம் முன்னால் போகட்டும், வீணை உயிரோடு இருந்தால் போதும். ஜனவரி முதல் மகனின் பொதுத்தேர்வு முடியும்வரை எதற்கும் இலக்கு வைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஓடினாலே சேர்த்த மூச்சுப் பலத்தின் பெரும்பகுதி போகாமல் இருக்கும். ஏப்ரல், மே திருச்சி வெயிலில் யாரும் தூரம் கூட்ட முடியாது. அது வீணையின் காலம். அடுத்த நவராத்திரிக்கு உங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு கீதம் வாசிக்கிற அளவுக்கு அப்போது உட்காருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஐந்தரை மணி நேரத் தூக்கம் போதாது. ஏழு மணி நேரமாவது வேண்டும். 4.30-க்கு ஏன் எழுகிறீர்கள்? மற்றவர்கள் எழுந்துவிட்டால் உங்களுக்கென்று நேரமே கிடையாது, அதனால்தானே? கடிதத்தில் காலைச் சமையல், டிபன் பாக்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதெல்லாம் உங்கள் வேலை என்று நீங்களே முடிவு செய்துவிட்டதால்தான் எழுதத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் காலை அடுப்படியை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். 'முடிந்தால் உதவுங்கள்' என்று கேட்காதீர்கள். திங்கள், புதன், வெள்ளி என்று கிழமை சொல்லிக் கேளுங்கள். முதல் வாரம் உப்பு கூடும், பஸ் தவறும். போய் நின்று திருத்தாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சட்னி அரைக்க வரும், அதற்காகப் படிப்பு கெட்டுவிடாது.

அந்த மூன்று நாளும் 5.30-க்கு எழுந்து ஓடப் போங்கள், இரவு 10 மணிக்குப் படுத்துவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.