நூறு டாலர் உச்சவரம்பும் நாலு மாதச் சந்தா பாக்கியும்

கேள்வி: கலிபோர்னியா, ஃப்ரீமான்டில் டவுன்ஹவுஸ் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்திடம் முன் அனுமதி வாங்காமல் பின்புறம் மரப்பந்தல் போட்டேன். 2025 செப்டம்பரில் விசாரணை வைத்து 500 டாலர் அபராதம் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டில் இதே மாதிரிப் பந்தல் எட்டு வருடமாக நிற்கிறது! சங்கத்தை நிர்வகிக்கும் போர்டின் தலைவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. புதுச் சட்டப்படி 100 டாலருக்கு மேல் போட முடியாதாமே? வெறுத்துப்போய் மாதம் 420 டாலர் சந்தாவையும் நாலு மாதமாக நிறுத்திவிட்டேன். கேஸ் போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

தலைவரையும் பக்கத்து வீட்டுப் பந்தலையும் ஒதுக்கி வையுங்கள். பாரபட்சம் என்று வாதாடலாம்தான். ஆனால் எட்டு வருடத்து போர்டு மினிட்ஸைத் தோண்டி அதை நிரூபிக்க ஆகும் செலவில் இன்னும் நாலு பந்தல் போட்டுவிடலாம். உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்றுதான்: விசாரணை 2025 ஜூலை 1-க்குப் பிறகு நடந்திருக்கிறது. அதற்குள் அமலுக்கு வந்துவிட்ட ஏபி 130 என்ற கலிபோர்னியா சட்டப்படி, ஒரு மீறலுக்கு 100 டாலர் அல்லது சங்கத்தின் அபராதப் பட்டியலில் உள்ள தொகை, எது குறைவோ அதுதான். பொது இடத்துக்கோ அடுத்தவர் வீட்டுக்கோ ஆரோக்கியக் கேடு, பாதுகாப்புக் கேடு என்றால் கூடுதலாகப் போடலாம். அதையும் உறுப்பினர்களுக்குத் திறந்த கூட்டத்தில் எழுத்துமூலம் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு இல்லையென்றால் 400 டாலர் நிற்காது.

சரி, இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். சந்தாவை ஏன் நிறுத்தினீர்கள்?

அபராத பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போகாமல் உங்கள் வீட்டை ஏலம் விட முடியாது. சந்தா பாக்கிக்காக முடியும். பாக்கி 1,800 டாலரைத் தொட்டாலோ 12 மாதத்தைத் தாண்டினாலோ அந்தக் கதவு திறந்துவிடும். இன்று நீங்கள் நிற்பது 1,680-ல். அடுத்த மாதம் 2,100. அதற்கு முன்பே வீட்டின் மேல் லியன், அதாவது பாக்கிக்கு வீட்டையே ஈடாக்கும் உரிமை, பதியலாம். 10 சதவீதம் வரை தாமதக் கட்டணம், 12 சதவீதம் வரை வட்டி, வசூல் வக்கீலின் பில் எல்லாம் உங்கள் தலையில்தான். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் 200 டாலர் அபராதத்துக்கு ரோஷப்பட்டுச் சந்தாவை நிறுத்தினார். அவர் வந்தபோது வக்கீல் பில் மட்டும் சந்தா பாக்கியைப் போல இரண்டு மடங்கு. அபராதம் தப்பு என்று வாதாட ஒரு வாய்ப்பே வரவில்லை.

இந்த வாரமே 1,680-ஐக் கட்டுங்கள். 'ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்' என்று ஒரு வரி எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். வந்த பணத்தை முதலில் சந்தாவுக்குத்தான் வரவு வைக்க வேண்டும், அபராதத்துக்குத் திருப்ப முடியாது.

இன்னொரு குழியும் இருக்கிறது. '100 டாலர்தானே, கட்டிவிட்டுப் பந்தலை வைத்துக்கொள்வோம்' என்று நினைக்காதீர்கள். உச்சவரம்பு அபராதத்துக்கு மட்டும்தான். பந்தலைப் பிரிக்கச் சொல்லிச் சங்கம் வழக்குப் போடுவதை அது தடுக்காது. அதில் தோற்றவர் எதிர்த்தரப்பு வக்கீல் செலவையும் கொடுக்க வேண்டும். அபராதத்தின் பல் பிடுங்கப்பட்டதால் வழக்குப் பக்கம் சாயும் போர்டுகளைப் பார்க்கிறேன். வழக்குக்கு முன் சமரச அழைப்புக் கடிதம் வரும். 30 நாளில் பதில் போடாவிட்டால் மறுத்ததாக அர்த்தம். பிறகு செலவுத் தொகையை முடிவு செய்யும்போது நீதிபதி அதையும் பார்ப்பார்.

ஆகவே பேசி முடியுங்கள். எழுதிக் கேட்டால் போர்டு உங்களோடு உட்கார்ந்து பேச மறுக்க முடியாது, அதற்குக் கட்டணமும் கிடையாது. போட்டுவிட்ட பந்தலுக்கு இப்போதாவது அனுமதி கேளுங்கள், 100 டாலரைக் கொடுங்கள், மீதியைத் தள்ளச் சொல்லுங்கள். உயரத்தையோ நிறத்தையோ மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடாமல் எழுந்து வராதீர்கள்.

நகராட்சி பெர்மிட் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. தேவைப்படும் பெர்மிட் இல்லையென்றால் போர்டு 'பாதுகாப்புக் கேடு' என்று பதிவு செய்ய நீங்களே காரணம் எடுத்துக்கொடுத்தது போல் ஆகிவிடும். போர்டிடம் தேதி கேட்கும் முன் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.