தாயக்கட்டை இல்லாமல் ஓர் ஆசிரியர் விளையாட்டு

கேள்வி: தாம்பரத்தை அடுத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களின் பயிற்சி வகுப்புக்காகப் பரமபதம் போன்ற ஒரு பலகை விளையாட்டைத் தயாரித்தேன். மாணவரின் பெயரை நினைவில் வைத்திருந்தால் ஏணி. விடைத்தாளைத் தாமதமாகத் திருத்தினால் பாம்பு. எல்லோரும் சிரித்து விளையாடினார்கள், இருபது நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது, நல்ல கற்பித்தல் எது என்று ஒருவரும் பேசவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: தாயக்கட்டையில்தான் தவறினீர்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் நற்குணம் ஏற்றிவிடும், தீக்குணம் இறக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் எந்தக் கட்டத்தில் நிற்பது என்பதை ஆடுபவர் முடிவு செய்வதில்லை. உங்கள் ஆட்டத்தில் விடைத்தாளைத் தாமதப்படுத்தியவருக்கு மூன்று விழுந்தது, அவ்வளவுதான். தாம் எடுக்காத முடிவுக்காக யார் வாதாடுவார்?

ஒரு விளையாட்டின் கருத்து கட்டங்களில் எழுதிய வாசகங்களில் இருப்பதில்லை, விதிகளில் இருக்கிறது. நாம் 'பிசினஸ்' என்று ஆடிய விளையாட்டின் மூதாதை, நிலத்தை ஒரு சிலரே வளைத்துக்கொள்வதன் தீமையைக் காட்டுவதற்காக அமெரிக்காவின் எலிசபெத் மேகி 1904-இல் காப்புரிமை பெற்ற ஆட்டம். அதன் வழிவந்த மோனோபோலியிலோ அடுத்தவரைத் திவாலாக்குவதுதான் இன்பம்!

ஆசிரியருக்கு உண்மையில் பற்றாக்குறையாக இருப்பது நேரம். ஆகவே பலகையில் பருவத்தின் பதினைந்து வாரங்களை மட்டும் வரையுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவருக்கும் ஆறு புளியங்கொட்டைகள். அவற்றைப் போட நான்கு கிண்ணங்கள்: பாடத் தயாரிப்பு, திருத்துதல், மாணவரைச் சந்தித்தல், கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் (NAAC) குழுவுக்கான கோப்புகள். எந்தக் கிண்ணத்துக்கு எத்தனை என்பதை ஒரு துண்டுத்தாளில் மறைத்து எழுதி, எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். ஏழாம் வாரம் இன்டர்னல் தேர்வு வருகிறது, அதே வாரம் கோப்புக்கு மூன்று கொட்டை கட்டாயம் என்ற அட்டையும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள மூன்றை ஒருவர் முழுவதும் திருத்துதலில் போட்டு, மறுநாள் பாடத்துக்குத் தயாரிக்காமல் போவார், எதிரில் இருப்பவர் "அப்படிச் செய்யலாமா?" என்பார். உங்களுக்கு வேண்டிய பேச்சு அங்கேதான் தொடங்கும்.

ஆட்டத்தில் மாணவர்களைக் குறிக்கும் அட்டைகளும் வேண்டும், அவற்றுக்கான வகைகளை வேறெங்கும் தேட வேண்டாம். பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம் (ஓட்டைக் குடம்), ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டி) என்று வகுத்து வைத்திருக்கிறார். ஆனால் ஒரு மாற்றம் அவசியம்: ஒரே அட்டையின் ஒரு பக்கம் கேட்டதை ஒழுகவிடும் இல்லிக்குடமும் மறுபக்கம் நல்லதைப் பிரித்தெடுக்கும் அன்னமும் இருக்கட்டும். பிறவியிலேயே ஓட்டைக் குடம் என்று முத்திரை குத்திவிட்டால் ஆசிரியர் செய்வதற்கு என்ன இருக்கிறது? அட்டையைத் திருப்பும் விதிக்கு, அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்களான சிக்கரிங், கேம்சன் இருவரும் 1987-இல் இளநிலைக் கல்விக்கு வகுத்த ஏழு நெறிகளில் ஒன்றான உடனுக்குடன் பின்னூட்டம் தருதலைப் பயன்படுத்துங்கள்: தேர்வு நடந்த வாரத்திலேயே திருத்துதலில் கொட்டை விழுந்தால் இரண்டு அட்டைகளைத் திருப்பலாம், மூன்று வாரம் கழித்துத் திருத்தினால் அட்டையைப் பார்க்கலாம், திருப்ப முடியாது.

நல்லாசிரியர் அல்லாதவருக்கும் நன்னூலில் உவமைகள் உண்டு. போட்ட வரிசை மாறிக் கழற்சிக்காய்கள் வெளிவரும் கழற்பெய்குடம், தானாக விழுந்தால் ஒழியப் பறிக்க விடாத மடற்பனை, அடைத்த பஞ்சைச் சிறிது சிறிதாகவே எடுக்க வேண்டியிருக்கும் பருத்திக்குண்டிகை, வளர்த்தவர் இருக்க அயலாருக்குக் காய் தரும் முடத்தெங்கு. ஆட்டத்தின் முடிவில் தாம் எந்த வாரம் எதுவாக இருந்தோம் என்று ஒவ்வொருவரும் தாமே சொல்லட்டும். பிறர் சொல்ல அனுமதித்தால் துறையில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது.

கேள்வி: அச்சடிக்கத் திருவல்லிக்கேணியில் விசாரிக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் பென்சிலால் வரைந்து நான்கைந்து முறை ஆடிப் பாருங்கள். அச்சடித்த விதியை மாற்ற யாருக்கும் மனம் வராது.

கேள்வி: வெற்றி பெற்றவரை எப்படித் தீர்மானிப்பது? ஐந்து யூனிட்டையும் முடித்தவரா, அதிக அட்டைகளைத் திருப்பியவரா?

பதில்: அதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன், பாடத்திட்டத்தை முடித்ததற்கு எத்தனை புள்ளி, திருப்பிய ஒவ்வோர் அட்டைக்கும் எத்தனை புள்ளி, கோப்புக்கு எத்தனை என்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எழுதி மடித்து வைக்கட்டும். முடிந்த பிறகு ஒவ்வொரு சீட்டின்படியும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தால், வெவ்வேறு சீட்டுக்கு வெவ்வேறு ஆள் வெல்லக்கூடும். தாம் எழுதிய சீட்டின்படியே தோற்றவரும் இருக்கலாம். அவரிடமிருந்து உரையாடலைத் தொடங்குங்கள், அதற்கென்று அரை மணி நேரத்தை முன்னதாகவே ஒதுக்கி வையுங்கள்.