நியூ ஜெர்சியில் ட்ரை-டிப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவின் சாந்தா மரியாவில் பல ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, வேலை மாற்றலாகி நியூ ஜெர்சிக்கு வந்திருக்கிறோம். அங்கே எந்தக் கறிக்கடையிலும் கிடைத்த ட்ரை-டிப் என்னும் மாட்டிறைச்சித் துண்டு இங்கே கிடைக்கவில்லை. கேட்டால் 'சர்லாயின் டிப்' என்று ஒன்றைக் கொடுக்கிறார்கள். சுட்டால் சக்கை போல இருக்கிறது. எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது?
– ஒரு வாசகி, எடிசன்

பதில்: தங்களுக்குக் கொடுக்கப்பட்டது முற்றிலும் வேறு துண்டு. சர்லாயின் டிப் என்பது தொடையின் முன்பக்கத்துச் சதை. கொழுப்பு குறைந்த அதை நெருப்பில் வாட்டினால் வறண்டுதான் போகும். ட்ரை-டிப்போ இடுப்பின் அடிப்பகுதியில், தொடை தொடங்கும் இடத்தில் இருக்கும் முக்கோணச் சதை. மாட்டுக்குப் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டே உண்டு. கிழக்குக் கரையில் அதைத் தனியே பிரித்து விற்கும் வழக்கம் பரவவில்லை என்பதே தங்கள் சிரமத்திற்குக் காரணம். சாந்தா மரியாவிலேயே ஒரு காலத்தில் அது கொத்துக்கறியாகவும் குழம்புக்கறியாகவும் போய்க்கொண்டிருந்தது. 1950களில் அவ்வூர் சேஃப்வே கடையில் இருந்த பாப் ஷுட்ஸ் அதை முழுதாகச் சுட்டு அறிமுகப்படுத்திய பிறகே அதற்கு இந்த மதிப்பு வந்தது என்பது ஊரார் சொல்லும் வரலாறு.

ஆகவே பெயரோடு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் இறைச்சி வகைப்பாட்டில் ட்ரை-டிப்பின் எண் 185-சி. கொழுப்பு நீக்கியது 185-டி. மொத்த வியாபாரியிடம் பெட்டியாகக் கறி எடுக்கும் கடைக்காரருக்கு இந்த எண் போதும், சில நாள் முன்னதாகச் சொல்லிவைத்தால் தருவித்துக் கொடுப்பார். நான் 185-சி வாங்கவே சொல்வேன். மேலே படர்ந்த கொழுப்பு உருகி இறங்கும்போதுதான் சதை வறளாமல் வேகும்.

தங்களுக்கு இன்னும் எளிய வழி, பக்கத்தில் உள்ள நியூவர்க் நகரின் ஐயன்பவுண்ட் பகுதி. போர்ச்சுகீசியரும் பிரேசில்காரரும் நிறைந்த அப்பகுதியின் கறிக்கடைகளில் 'மமீன்யா' என்று கேளுங்கள், அதே துண்டுதான். மன்ஹாட்டனின் கிரீனிச் வில்லேஜ் பக்கம் போனால், 'நியூபோர்ட் ஸ்டேக்' என்று விற்பது ட்ரை-டிப்பை வில்லை போட்டதே என்பதை நினைவில் வைத்து, வெட்டாமல் முழுதாகத் தரும்படி கேட்கலாம்.

விறகுக்குக் கவலை வேண்டாம். சாந்தா மரியாவில் எரிப்பது கலிஃபோர்னியக் கடற்கரை ஓக். அந்த மரம் இங்கே வளராது என்றாலும், நியூ ஜெர்சியின் மாநில மரமாகிய சிவப்பு ஓக்கின் காய்ந்த விறகு நன்றாகவே ஈடுகொடுக்கும். உப்பு, மிளகு, பூண்டுத்தூள் தவிர வேறு மசாலா எதுவும் தடவ வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்கியதும் சமைப்பதற்கு முன்பே நார் ஓடும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இத்துண்டில் அது நடுவே திசை மாறுகிறது. சுட்ட பிறகு பத்து நிமிடம் ஆறவிட்டு, திசை மாறும் இடத்தில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் அதனதன் நாருக்குக் குறுக்காக மெல்லிதாக அரியுங்கள்.