மாடிப்படியில் முதலில் கனப்பது தொடைதான்

கேள்வி: எனக்கு வயது 31. 'டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ' என்ற பிறவி இதயக் கோளாறுக்கு நான்கு வயதில் ஆபரேஷன் நடந்தது. எக்கோ 'நன்றாக இருக்கிறது' என்கிறார்கள். ஆனால், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு முன்பே தொடை கனத்துவிடுகிறது. காலுக்குப் பயிற்சி செய்யலாமா? அம்மா கூடவே கூடாது என்கிறார்.

- வாசகி, திருச்சி

பதில்: 'மூச்சு வாங்குவதற்கு முன்பே' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. தடுப்பது இதயம் மட்டுமல்ல, காலாகவும் இருக்கலாம்.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள். இந்தக் கோளாறுள்ள பிள்ளை ஆபரேஷனுக்கு முன் ஓடி விளையாடும்போது உதடு நீலம் பாரிக்கும். சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாய்கள் அழுந்தி, நுரையீரலுக்குப் போகும் ரத்தம் கொஞ்சம் கூடும். அதைப் பார்த்த தாய் 'ஓடாதே' என்றுதான் சொல்வார். அப்புறம் பி.டி. பீரியடில் மரத்தடி, பள்ளிக்குப் போக ஸ்கூட்டர். இதயத்தைச் சரிசெய்தார்கள், காலுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

பிறவி இதயக் கோளாறுள்ள பெரியவர்களை ஸ்வீடனில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சிக்கலான கோளாறு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஓய்ந்தார்கள். கெண்டைச் சதை சுருங்கும்போதெல்லாம் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. இதயத்தில் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பத் தனி அறை இல்லாமல், 'ஃபான்டன்' என்ற ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளிகளுக்கு இந்தத் தள்ளல் இன்னும் பெரிய உதவி.

சரி, நாளைக்கே ஆரம்பிக்கலாமா? வேண்டாம். உங்கள் ஆபரேஷனுக்குப் பிறகு, இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியிலுள்ள வால்வு கசிவது சகஜம். ஆண்டுகள் போகப்போக இதயத்தின் வலது கீழறை விரியலாம். அந்த எக்கோ எப்போது எடுத்தது? பெரியவர்களின் பிறவி இதயக் கோளாறுகளைப் பார்க்கும் டாக்டரிடம் போய், மூச்சை அளந்தபடி செய்யும் ட்ரெட்மில் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள்.

அவர் சரி என்றால், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். சுவரில் விரல் வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பத்து பத்தாக, வாரம் இரண்டு மூன்று நாள் போதும். முக்கியமான விஷயம், மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது. அதற்கு எளிய வழி, வாய்விட்டு எண்ணுவதுதான். எண்ணிக்கொண்டே யாராலும் மூச்சை அடக்க முடியாது. படபடப்பு, தலைசுற்றல், நெஞ்சுவலி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்கம் போட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும்.