அலமாரிக்குள் கீரை: காற்றோட்டமும் குளிர்ச்சியும் பற்றிய வாசகர் கேள்விகள்

வெயில் எட்டிப் பார்க்காத அடுக்குமாடி வீடுகளில், சுவர் அலமாரிக்குள் எல்.இ.டி. விளக்கு மாட்டிக் கீரையும் மூலிகையும் வளர்க்கும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் கவலை வெப்பத்தைப் பற்றியதாகவே இருப்பதால், அது குறித்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பால்கனியில் வெயில் விழாது. அதனால் படுக்கையறைச் சுவர் அலமாரியின் ஒரு பகுதியில் 100 வாட் எல்.இ.டி. விளக்கு மாட்டி லெட்யூஸ், புதினா, கொத்தமல்லி வளர்க்கிறேன். அந்தப் பகுதி 3 அடி அகலம், 2 அடி ஆழம், 6 அடி உயரம் கொண்டது. கதவை மூடி ஒரு மணி நேரம் ஆவதற்குள் மேல்தட்டில் 40 டிகிரி காட்டுகிறது. அறையில் 32 டிகிரிதான். லெட்யூஸின் உள்ளிலைகள் நுனியில் கருகுகின்றன. இணையத்தில் விற்கும் சிறிய குளிரூட்டி ஒன்றை வாங்கி உள்ளே வைக்கலாமா?
— வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் பாதிகூடச் செலவழிக்காமல் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடலாம். நீங்கள் சொல்லும் சிறு கருவிகளில் ஒரு வகை பெல்டியர் தகட்டால் இயங்குவது. அதன் ஒரு பக்கம் குளிரும்போது, மறுபக்கம் தான் உறிஞ்சிய வெப்பத்தோடு தனக்குச் செலவான மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே தள்ளும். அந்தச் சூடான பக்கமும் அலமாரிக்குள்ளேயே இருந்தால் உள்ளே வெப்பம் கூடுமே தவிரக் குறையாது. மற்றொரு வகை, நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது. அது ஏன் சென்னைக்கு ஒத்துவராது என்பதை அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறோம்.

முதலில் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். விளக்கு 100 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டால், அதில் செடி தன் உடலாகச் சேர்த்துக்கொள்ளும் மிகச் சிறு பங்கைத் தவிர மற்ற அனைத்தும், ஒளியாக வெளிவந்த பகுதியும் உட்பட, இலையிலும் சுவரிலும் பட்டுக் கடைசியில் வெப்பமாகவே மாறும். எல்.இ.டி. சூடாகாது என்று கடைக்காரர் சொல்வது பழைய சோடியம் விளக்கோடு ஒப்பிட்டால் ஓரளவு சரிதான். ஆனால் மூடிய பெட்டிக்குள் 100 வாட் என்பது எந்த விளக்கிலிருந்து வந்தாலும் 100 வாட்தான். அந்த வெப்பத்தை எடுத்துச் செல்லத் தேவையான காற்றின் அளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். விளக்கின் வாட் அளவை 3 ஆல் பெருக்கி, அறையைவிட எத்தனை டிகிரி கூடுதலாக இருந்தால் பரவாயில்லை என்று நினைக்கிறீர்களோ அந்த எண்ணால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும் என்பது கிடைக்கும். 100 வாட் விளக்கு, 3 டிகிரி உயர்வு என்றால் மணிக்கு 100 கன மீட்டர். விசிறிப் பெட்டிகளில் அச்சிடும் சி.எஃப்.எம். அளவில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில், இது ஏறத்தாழ 60. உங்கள் அலமாரியின் கொள்ளளவு 1 கன மீட்டர்தான் என்பதால், உள்ளிருக்கும் காற்று முழுவதும் மணிக்கு 100 முறை மாற வேண்டியிருக்கும். உயர்வை 1 டிகிரிக்குள் வைக்க வேண்டுமென்றால் மணிக்கு 300 கன மீட்டர் தேவைப்படும். அவ்வளவு காற்று ஓடினால் இளம் நாற்றுகள் வாடிவிடும்.

ஆகவே விசிறியைத் தேடுவதற்கு முன் விளக்கைக் குறையுங்கள். 6 சதுர அடிப் பரப்பில் வளரும் கீரைக்கும் மூலிகைக்கும் நல்ல தரமான 60 வாட் விளக்கு, நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரிந்தால் போதும். விளக்கின் டிரைவர் என்ற மின்மாற்றிப் பெட்டி தனியாக இருந்தால் அதை அலமாரிக்கு வெளியே, காற்றுப்படும் இடத்தில் பொருத்துங்கள். மொத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்காவது அதோடு வெளியேறிவிடும்.

இனி விசிறி. 60 வாட்டுக்கு 2 டிகிரி உயர்வு என்று வைத்தால் மணிக்கு 90 கன மீட்டர் வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பொருத்தும் 120 மில்லிமீட்டர் விசிறியின் பெட்டியில் இதே அளவு அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அது எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. கொசுவலை, குழாய், வளைவு என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது அது பாதியாகக் குறைந்துவிடலாம். எனவே இரண்டு விசிறிகளை அலமாரியின் உச்சியில், காற்றை வெளியே தள்ளும்படி பொருத்துங்கள். உள்ளே வரும் காற்றுக்கான திறப்பு, விசிறிக்கு எதிர் மூலையில், தரைமட்டத்தில் இருக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: விசிறிக்குச் செலவழித்துவிட்டு, காற்று நுழைவதற்கு விரல் அளவுத் துளை ஒன்றை விட்டுவைப்பார்கள். ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியின் வாய் ஏறத்தாழ 113 சதுர செ.மீ.; இரண்டுக்கும் சேர்த்து 226. நுழைவாய் அதைப்போல் இரு மடங்கு இருப்பது நல்லது. கதவின் அடிப்பகுதியில் முழு அகலத்துக்கும் 5 செ.மீ. அறுத்தெடுத்து வலை அடித்தால் 450 சதுர செ.மீ. கிடைத்துவிடும். இடையில் உள்ள பிளைவுட் தட்டுகள் காற்றை மறித்துவிடும் என்பதால், அவற்றுக்குப் பதிலாகக் கம்பித் தட்டுகளைப் போடுங்கள்.

எல்லாம் பொருத்திய பின் ஓர் ஊதுபத்தியை ஏற்றி நுழைவாய் அருகே பிடித்துப் பாருங்கள். புகை சட்டென்று வளைந்து உள்ளே இழுபட வேண்டும். பிறகு கதவின் விளிம்பு நெடுகிலும் மெதுவாக நகர்த்துங்கள். மேல்பகுதியில் எங்காவது புகை உள்ளே இழுபட்டால், காற்று கீழிருந்து செடிகளைத் தாண்டி வராமல் குறுக்கு வழியில் விசிறிக்குப் போகிறது என்று பொருள். அந்த இடைவெளியை நுரைப்பட்டையால் அடைத்துவிடுங்கள். வெப்பமானியையும் விளக்கொளி நேரடியாகப் படாதவாறு, இலைகளின் உயரத்தில், ஓர் அட்டையின் நிழலில் தொங்கவிட வேண்டும். ஒளி நேரே பட்டால் அது காற்றின் வெப்பத்தைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இத்தனை செய்தாலும், அலமாரி அறையைவிடக் குளிர்ச்சியாகாது. விசிறி அறைக் காற்றைத்தான் உள்ளே கொண்டுவருகிறது. அறை 32 டிகிரி என்றால் உள்ளே 34. லெட்யூஸ் 15 முதல் 22 டிகிரி வரை செழிப்பாக வளரும். 28 டிகிரியைத் தாண்டினால் கசந்து பூத்தண்டு விடத் தொடங்கிவிடும். உங்கள் படுக்கையறையில் இரவில் ஏ.சி. ஓடுமென்றால் அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். விளக்கை டைமர் வைத்து இரவு 7 மணி முதல் காலை 9 மணி வரை எரியவிட்டால், 26 டிகிரியில் உள்ள அறைக் காற்றைக் கொண்டே அலமாரியை இரவு முழுதும் 28 டிகிரிக்குள் வைக்கலாம். அதனால் ஏ.சி.க்குக் கூடும் சுமை 60 வாட்டும் சிறிதும். தூங்கும் ஒருவரின் உடல் வெளியிடும் வெப்பமே ஏறத்தாழ 70 முதல் 80 வாட் இருக்கும். இரவில் ஏ.சி. இல்லாத வீடு என்றால், கத்திரி வெயில் காலத்தில் லெட்யூஸை விட்டுவிட்டுத் தண்டுக்கீரை, அரைக்கீரை, இத்தாலியத் துளசி ஆகியவற்றுக்கு மாறுவதே நல்லது. செடியோடும் பருவத்தோடும் மல்லுக்கட்டிக் கருவிகளை வாங்கிக் குவிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

நுனிக் கருகலுக்குக் காரணம் வெப்பம் மட்டும் அன்று. காற்று அசையாத இடத்தில் உள்ளிலைகள் நீரை ஆவியாக விட முடியாததால், நீரோடு ஏறிவர வேண்டிய சுண்ணாம்புச் சத்து அவற்றின் நுனியை எட்டுவதில்லை. மண்ணில் மேலும் சுண்ணாம்பு இட்டு இதைச் சரிசெய்ய முடியாது. உள்ளே ஒரு சிறிய விசிறியை, இலைகள் லேசாக அசையும் அளவுக்கு மட்டும் ஓடவிடுங்கள். விளக்கு அணைந்திருக்கும் நேரத்திலும் அது ஓட வேண்டும். ஈரம் தேங்கினால் நாற்றழுகலும் சாம்பல் நோயும் தாக்கும்.

கேள்வி: அலமாரியின் காற்று நுழைவாயில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்துவிட்டால் குளிர்ச்சி கிடைக்குமா? சென்னையில் இருக்கும் என் தங்கை செய்து பார்த்துப் பயனில்லை என்கிறாள்.
— வாசகர், மதுரை

பதில்: உங்களுக்குக் கிடைக்கும், உங்கள் தங்கைக்குக் கிடைக்காது. நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. மதுரையில் கோடைப் பிற்பகலில் 38 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நேரத்தில், ஆவியாதல் மூலம் காற்றை அதிகபட்சமாக 24 டிகிரி வரை இறக்கலாம். வீட்டில் கட்டும் தட்டி அந்த இறக்கத்தில் பாதிக்குச் சற்று மேல் தந்தாலும் 30 டிகிரிக் காற்று கிடைக்கும். சென்னையில் 33 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் அந்த எல்லையே 28 டிகிரி. அங்கே தட்டி கட்டினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் அதற்கு விலையாக அலமாரிக்குள் ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கிப் பூஞ்சை படரும்.

நீங்கள் தட்டியைப் பகலில் மட்டும் நனையுங்கள். உள்ளே வந்த காற்று விசிறி வழியாக வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். அதே காற்றைச் சுற்றவிட்டால் அரை மணியில் மதுரை அலமாரியும் சென்னை அலமாரியாகிவிடும். தட்டியை நனைக்கும் தொட்டியின் நீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி மூடி வையுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது.

கேள்வி: மண்ணில்லாமல், 10 லிட்டர் சத்துநீர்த் தொட்டியில் கீரை வளர்க்கிறேன். காற்றோட்டம் நன்றாகவே இருக்கிறது. இருந்தும் வேர்கள் பழுப்பாகி வழுவழுப்பாகின்றன. காரணம் என்ன?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: காற்றைக் கவனித்த நீங்கள் நீரின் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். 20 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். வெப்பத்தில் வேரின் தேவையோ கூடும். அந்த இடைவெளியில்தான் வேரழுகல் கிருமி நுழைகிறது. ஒரு லிட்டர் பாட்டிலில் உறையவைத்த நீரைத் தொட்டியில் இட்டால், 30 டிகிரியில் உள்ள 10 லிட்டர் நீர் கணக்குப்படி 20 டிகிரி வரை இறங்கும். சுற்றியுள்ள வெப்பம் ஏறிவருவதால் நடைமுறையில் 22 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பாட்டில்களை மாற்றி மாற்றி உறையவைத்து, விளக்கு எரியத் தொடங்கும்போது ஒன்றை இடுங்கள். தொட்டியை அலமாரியின் தரையில், தெர்மகோல் பலகை மீது வைத்து, மூடியை வெள்ளை நிறத்தில் அமையுங்கள். காற்றுக் குமிழி விடும் பம்பு அலமாரிக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் சூடான காற்றையே இழுத்து நீருக்குள் விடும். அழுகிய வேர்களை வெட்டி, தொட்டியைக் கழுவி, புதிய சத்துநீரில் தொடங்குங்கள்.

கேள்வி: அதே அலமாரியின் கீழ்த்தட்டில் சிப்பிக் காளான் பைகளைத் தொங்கவிட்டால், காளான் வெளியிடும் கரியமில வாயு செடிகளுக்குப் பயன்படும் என்று கேள்விப்பட்டேன். செய்யலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். வெப்பத்தை வெளியேற்ற ஓடும் விசிறி அந்த வாயுவையும் உடனே வெளியேற்றிவிடும். செடிகளுக்கு எதுவும் மிஞ்சாது. விசிறியை நிறுத்தினால் காளானுக்கே கேடு: புதுக்காற்று கிடைக்காத காளான் குடை விரியாமல் காம்பு மட்டும் நீளும். மேலும் காளானுக்கு 80 முதல் 90 சதவீத ஈரப்பதம் தேவை. கீரைக்கு அது நோய். சிப்பிக் காளானின் வித்துத் துகள்கள் மூச்சுத் தொல்லை தரக்கூடியவை என்பதால் படுக்கையறையில் அதற்கு இடமே தரக்கூடாது. வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டகை அமைக்க முடிந்தால், உங்கள் ஊர் வெப்பத்துக்குச் சிப்பிக் காளானைவிட, 30 டிகிரிக்கு மேலும் விளையும் பால் காளான் பொருத்தம்.

கேள்வி: வாடகை வீடு, கதவை அறுக்கவோ சுவரைத் துளைக்கவோ முடியாது. விசிறி இரவும் பகலும் ஓடினால் மின்கட்டணம் எவ்வளவு ஆகும்? நாங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது விசிறி நின்றுவிட்டால் ஆபத்து உண்டா?
— வாசகர், சேலம்

பதில்: கதவைக் கீல்களிலிருந்து கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த வாயில் அளவுக்குப் பிளைவுட் பலகை ஒன்றைச் செய்து, விசிறியையும் நுழைவாயையும் அதிலேயே அமையுங்கள், வீட்டைக் காலி செய்யும்போது பழைய கதவை மாட்டிவிடலாம். அலமாரியில் முன்பு அந்துருண்டை போட்டிருந்தால், அதன் நெடி முற்றிலும் நீங்கும் வரை உண்ணும் கீரையை அங்கே வளர்க்காதீர்கள்.

60 வாட் விளக்கு நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 50 யூனிட். 3 வாட் விசிறி ஒன்று ஓயாமல் ஓடினாலும் நான்கு யூனிட்டைச் சற்றுத்தான் தாண்டும். எனவே விசிறியை நிறுத்தி மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. மின்வெட்டு வந்தால் விளக்கும் சேர்ந்தே அணையும், அதில் அபாயமில்லை. தூசி அடைத்து விசிறி மட்டும் நின்று, விளக்கு எரிந்துகொண்டிருப்பதே அபாயம். வெப்பநிலை 38 டிகிரியைத் தாண்டினால் விளக்குக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றை மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். அதன் உணர்முனை விசிறிக்கு அருகில் அல்ல, விளக்குக்கு மேலே இருக்க வேண்டும். மின்கசிவில் தானாக விழும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த இணைப்பில் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொட்டிக்கும் தட்டுக்கும் மேலான உயரத்தில் மாட்டி, அதற்குச் செல்லும் ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். ஒயர் வழியே வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். மாதம் ஒருமுறை விசிறி இறக்கைகளையும் வலையையும் பழைய பல்துலக்கியால் துடைத்துவிட்டு, ஊதுபத்திச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.