தகடூர் கட்டுரைல நீங்க எழுதுனத அழிச்சிட்டாங்கன்னு கேட்டதுக்கு

வணக்கம் ப்ரோ, நானும் தருமபுரிதான். விக்கிப்பீடியால நம்மூரோட பழைய பேரான தகடூர் பத்தி மூணு பாரா எழுதி ரெண்டே நாள்ல தூக்கிட்டாங்கன்னு கேட்டிருந்தீங்க, நீங்க இங்க போட்ட ஸ்கிரீன்ஷாட்ட படிச்சேன், அழிச்சவர் மேல கோவப்பட ஒன்னும் இல்லைங்க. "எங்க தாத்தா சொன்னாரு"ங்கறது அங்க சான்றா நிக்காது.

தகடூர ஆண்ட அதியமான் நெசமாவே இருந்தாருங்கறதுக்கு உங்க கையில இருக்கறதுலயே பெரிய ஆயுதம் ஜம்பை கல்வெட்டுதான். 1981ல திருக்கோவிலூர் பக்கம் கண்டுபிடிச்சது, தமிழ் பிராமில "சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி"ன்னு இருக்கு, அதாவது அதியமான் கொடுத்த குகை இருப்பிடம்னு அர்த்தம், அசோகர் கல்வெட்டுல சோழர் பாண்டியரோட வர்ற அதே சதியபுத்திரர், இத எழுதாம நெல்லிக்கனிக்கு மட்டும் ஒரு பாரா ஓட்டிட்டீங்களே! நெல்லிக்கனிய வேணாம்னு சொல்லல, புறநானூறு 91ல ஔவை பாடினதுன்னு போட்டா அது இலக்கியச் சான்று, "நடந்துச்சு"ன்னு போட்டாதான் வம்பு.

ஊர் எப்படி விழுந்துச்சுன்னு கேட்டா பதிற்றுப்பத்துல எட்டாம் பத்து இருக்கு, அரிசில்கிழார் பாடினது, பாட்டுடைத் தலைவன் பேரே தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. நம்மூரத் தோக்கடிச்சவன் பாட்டுதான் நமக்கு சாட்சி, என்ன பண்றது.

அப்புறம் கிருஷ்ணகிரி 2004ல தனி மாவட்டமா போயிடுச்சு, நீங்க இன்னும் தருமபுரியோட சேத்தே எழுதிருக்கீங்க. மொதல்ல அந்தக் கட்டுரையோட உரையாடல் பக்கத்துல சொல்லிட்டு ஒவ்வொரு பாராவா, புத்தகப் பேரு பக்க எண்ணோட போடுங்க, மொத்தமா கொட்டாதீங்க.